அவசரப்படாத பியானோ!

காலேஜில் எப்பவுமே கிடார் பார்ட்டிக்குத்தான் மவுசு. ஃப்ரெஷர்ஸ் டே, கல்ச்சுரல்ஸ், ஹாஸ்டல் மொட்டை மாடி... எங்கே பார்த்தாலும் தோளில் ஒரு கிடாரை மாட்டிக்கொண்டு ஸ்டைலாக நடந்து வருவார் ஒருத்தர். சுற்றி நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். பாவம் பியானோ! தோளிலும் மாட்ட முடியாது, பைக்கிலும் வைக்க முடியாது. நாலு பேர் சேர்ந்து தள்ளினால்தான் இடத்தைவிட்டு நகரும். அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டே உலகத்தைத் தன்னைச் சுற்றி உட்கார வைத்த ஆள் ஒருத்தர் இருக்கிறார். இந்த வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரைத்தான் பார்க்கப் போகிறோம். பேர்... பில்லி ஜோயல்!

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பிரமாண்ட அரங்கில் 2014 ஜனவரியில் இவர் ஒரு கணக்கு ஆரம்பித்தார். மாசத்துக்கு ஒரு கச்சேரி. டிக்கெட் விற்கிற வரைக்கும் வாசிப்பேன், விற்காவிட்டால் நிறுத்திக்கொள்கிறேன் என்பதுதான் ஒப்பந்தம். என்ன ஆச்சு தெரியுமா? கொரோனா காலத்து இடைவெளியைத் தவிர, 2024 ஜூலை 25 வரைக்கும் ஓடியது. அந்தத் தொடரில் மட்டும் 104 கச்சேரிகள். அந்த ஒரே அரங்கில் அவர் வாழ்நாளில் செய்த கச்சேரிகள் மொத்தம் 150!

அந்தக் கச்சேரிகளில் ரசிகர்கள் காத்திருக்கிற ஒரு நிமிஷம் உண்டு. 'பியானோ மேன்' பாட்டின் கடைசிப் பல்லவி வரும்போது பில்லி பியானோவில் இருந்து கையை எடுத்துவிடுவார். பாட மாட்டார். பேண்ட் மொத்தமும் சைலன்ட். அரங்கமே தனியாக அந்தப் பல்லவியைப் பாடி முடிக்கும். பாட்டு எழுதினவர் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருப்பார். தாத்தா, அப்பா, பேத்தி என்று மூணு தலைமுறை ஒரே வரிசையில் நின்று ஒரே பாட்டைப் பாடுகிற அழகு இருக்கே... அதுக்கு டிக்கெட் காசு கொடுக்கலாம் பாஸ்!

பாக்ஸிங் போட்ட விரல்கள்

பில்லி பிறந்தது 1949 மே 9, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. வளர்ந்தது லாங் ஐலண்டில் ஹிக்ஸ்வில் என்கிற சாதாரண ஊர். அப்பா ஹோவர்ட் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் பிறந்த யூதர். நாஜிகள் ஆட்சியில் குடும்பத் தொழில் பறிபோக, ஸ்விட்சர்லாந்து, கியூபா என்று அலைந்து அமெரிக்கா வந்து சேர்ந்த குடும்பம். அப்பாவுக்கு கிளாசிக்கல் பியானோ அத்துப்படி. ஆனால், பில்லி சின்னப் பையனாக இருக்கும்போதே அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா ஐரோப்பாவுக்கே திரும்பிப் போய்விட்டார். வீட்டில் மிச்சம் இருந்தது அம்மா ரோசலிண்டும் ஒரு பியானோவும். காசு இல்லாத வீட்டிலும் பையனின் பியானோ கிளாஸை மட்டும் அந்த அம்மா நிறுத்தவே இல்லை.

தெருப் பசங்க விடுவார்களா? "ஏய்... பியானோ கிளாஸ் போறான்டா!" என்கிற மாதிரி ஓட்டித் தள்ளினார்கள். அடியும் விழுந்தது. நம்ம ஆள் என்ன செய்தார்? பியானோவை விடவில்லை... பாக்ஸிங்கைச் சேர்த்துக் கற்றுக்கொண்டார்! இருபதுக்கு மேல் அமெச்சூர் பந்தயங்களில் இறங்கி, மூக்கு உடைந்த பிறகுதான் அதை விட்டார். இவ்வளவு மென்மையாக வாசிக்கிற விரல்களா குத்துச்சண்டை போட்டது என்று ரசிகர்கள் இன்னைக்கும் ஆச்சர்யப்படுவது இதுக்குத்தான்.

ஸ்கூல் கதை இன்னும் சோகம். குடும்பத்துக்குக் காசு வேண்டும் என்று ராத்திரி பாரில் பியானோ வாசிப்பார். காலையில் எழுந்திருக்க முடியாது. அட்டெண்டன்ஸ் அவுட், பரீட்சை அவுட். 1967-ல் கூடப் படித்தவர்கள் எல்லாம் சர்ட்டிஃபிகேட் வாங்க, இவர் கையில் ஒண்ணும் இல்லை. "நான் கொலம்பியா யுனிவர்சிட்டிக்கா போகப் போறேன்... கொலம்பியா ரெக்கார்ட்ஸுக்குத்தானே? அதுக்கு எதுக்கு சர்ட்டிஃபிகேட்!" என்கிற ரீதியில் வீராப்பாகப் பேசிவிட்டு நகர்ந்தார். கேட்க கெத்தாகத்தான் இருக்கு. ஆனால், அடுத்து வந்த நாலு வருஷம் அவரைப் புரட்டிப் போட்டது.

21 வயசில் ஒரு இருட்டு

ஜான் ஸ்மால் என்கிற டிரம்மர் நண்பருடன் சேர்ந்து 'அட்டிலா' என்று ரெண்டே பேர் கொண்ட ஒரு பேண்ட். 1970-ல் ஆல்பம் வந்தது, வந்த வேகத்தில் ஊத்திக்கொண்டது. அதே சமயத்தில் காதல் சிக்கல். பில்லி மனசைப் பறிகொடுத்தது அந்த நண்பரின் மனைவியிடமே! நட்பும் போச்சு, பேண்டும் போச்சு, தங்க இடமும் போச்சு. 'என்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை' என்கிற குற்ற உணர்ச்சியில், அந்த வயசில் உயிரை விடவே முடிவெடுத்துவிட்டார் பில்லி.

அப்போது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியது யார் தெரியுமா? அதே ஜான் ஸ்மால்! கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் நண்பன் நண்பன்தானே...

பிறகு பில்லி தானாகவே மனநல சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். அங்கே சில வாரங்கள் இருந்தபோதுதான், தன்னைவிடப் பெரிய பாரத்தைச் சுமக்கிற மனிதர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். வெளியே வந்ததும் ஒரே முடிவு: இனி எவ்வளவு வலித்தாலும் சரி, அதைப் பியானோவில் கொட்டிவிடுவது!

பதினைந்து வருஷம் கழித்து 1985-ல், பெரிய ஸ்டாராக ஆன பிறகு, இளைஞர்கள் தற்கொலை எண்ணத்தில் இருந்து மீண்டு வர வேண்டும் என்பதற்காகவே 'யூ ஆர் ஒன்லி ஹியூமன்' என்றொரு பாட்டை எழுதினார். தப்பு செய்வது மனித இயல்பு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டால் ரெண்டாவது காற்று தானாக வரும் என்பதுதான் சாரம். அதன் ராயல்டியை இளைஞர் தற்கொலைத் தடுப்புப் பணிக்கே கொடுத்தார். முதலில் சோகமான மெட்டில்தான் யோசித்தாராம். ஏற்கெனவே நொந்துபோய் இருக்கிறவன் காதில் இன்னும் சோகத்தை ஊற்றுவானேன் என்று துள்ளல் மெட்டுக்கு மாற்றினார். அனுபவிச்சவனுக்குத்தான் மருந்தோட ருசி தெரியும்!

பேர் மாற்றிய பாட்டுக்காரன்

1971-ல் முதல் தனி ஆல்பம், 'கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர்'. அதிலேயும் விதி விளையாடியது. தட்டு தயாரிக்கும்போது வேகத்தில் கோளாறு. விளைவு? பில்லியின் குரல் கார்ட்டூன் அணில் மாதிரி கீச்சுக் குரலாக ஒலித்தது. போதாக்குறைக்கு, படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று அவரைக் கட்டிப் போட்டது. நொந்துபோய் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஓடினார். 'எக்ஸிகியூட்டிவ் ரூம்' என்கிற பாரில், பில் மார்ட்டின் என்கிற பேரில், சுமார் ஆறு மாசம் பியானோ வாசித்தார். இது 1972.

அங்கே தினமும் பார்த்த முகங்கள்தான் 'பியானோ மேன்' பாட்டில் வருகிற மனிதர்கள். நடிகனாகும் கனவோடு கிளாஸ் நிரப்புகிற பார்டெண்டர், நாவல் எழுத நேரம் கிடைக்காத ரியல் எஸ்டேட்காரர், கப்பற்படை ஆள், சர்வ் பண்ணுகிற பெண்... யாருக்குமே வாழ்க்கை அவர்கள் நினைத்த இடத்தில் இல்லை. ஆனாலும் ராத்திரி ஆனால் ஒரு பாட்டுக்காக அந்தப் பியானோவைச் சுற்றி வந்து உட்காருகிறார்கள். தோற்றவர்களைப் பற்றிய பாட்டு என்று சொல்வார்கள். நல்லா கேட்டால், ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருக்கிறவர்களைப் பற்றிய பாட்டு அது.

இதே சமயத்தில் நாட்டின் இன்னொரு கோடியில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. 1972 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவின் WMMR வானொலிக்காக பில்லி ஒரு நேரடி நிகழ்ச்சி செய்திருந்தார். அதில் பாடிய 'கேப்டன் ஜாக்' என்கிற பாட்டை, தட்டாக வெளியே வராத அந்தப் பாட்டை, மறுபடி போடுங்கள் என்று நேயர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம்தான் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? கொலம்பியா ரெக்கார்ட்ஸ் காதில்! வீராப்பாகச் சொன்ன அதே கம்பெனி. 1973-ல் 'பியானோ மேன்' ஆல்பம் வந்தது. ஆக, பில்லியை பாரில் இருந்து மீட்டதில் முகம் தெரியாத அந்த நேயர்களுக்கும் பங்கு உண்டு.

கட்டைகளில் என்ன மேஜிக்?

சரி, கதை போதும்... கைக்கு வருவோம். ஒரு பியானோவில் 88 கட்டைகள். எல்லாருக்கும் அதே 88தான். இவர் மட்டும் என்ன புதுசாகச் செய்தார்?

'பியானோ மேன்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒண்ணு-ரெண்டு-மூணு, ஒண்ணு-ரெண்டு-மூணு என்று வால்ட்ஸ் கணக்கில் போகும். நம்ம பாஷையில் தகிட, தகிட! பாட்டு கேட்கிற எல்லாரும் தானாக ஆடி அசைவதற்கு இதுதான் காரணம். இடது கையைக் கவனியுங்கள். மேல் ஸட்ஜமத்தில் ஆரம்பித்து ஸ-நி-த-ப-ம-க-ரி என்று ஒவ்வொரு படியாக இறங்கி வரும். அட, நம்ம சங்கராபரணத்தின் அவரோகணம்! சங்கீதம் கற்ற ஃப்ரெண்ட் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். துள்ளிக் குதிப்பார். அந்த இறங்குமுகம்தான் பாட்டின் லேசான சோகத்துக்கு ஆதாரம். மேலே கழுத்தில் மாட்டிய ஸ்டாண்டில் ஹார்மோனிகா வேறு. ரெண்டு கை, ஒரு வாய்... மூணும் பிஸி!

வேகம் வேண்டுமா? 1976-ல் வந்த 'ஆங்ரி யங் மேன்' பாட்டின் முன்னிசையைப் போடுங்கள். ஒரே ஒரு கட்டையை, பியானோவின் நட்டநடு 'ஸி'யை, ரெண்டு கையாலும் மாறி மாறி மெஷின் கன் மாதிரி அடிப்பார். 'வைப் அவுட்' என்கிற பழைய பாட்டில் வருகிற டிரம்ஸ் சத்தம்தான் அதற்கு இன்ஸ்பிரேஷன். பியானோ தட்டுவாத்தியமும்தான் என்பதை அரை நிமிஷத்தில் புரிய வைத்துவிடுவார்.

மென்மை வேண்டுமா? 1977-ல் வந்த 'ஜஸ்ட் தி வே யூ ஆர்'. இதில் எலெக்ட்ரிக் பியானோ. மணி மாதிரி மெத்தென்று ஒலிக்கும். ஆல்பத்தில் இருந்தே தூக்கிவிடலாம் என்றுதான் பில்லி நினைத்தார். ஸ்டுடியோவுக்கு வந்த பாடகிகள் லிண்டா ரான்ஸ்டாட்டும் ஃபீபி ஸ்நோவும் கேட்டுவிட்டு, 'இதையா தூக்கப் போறீங்க?' என்று தடுத்தார்கள். 1979 கிராமி விழாவில் 'ரெக்கார்ட் ஆஃப் தி இயர்', 'சாங் ஆஃப் தி இயர்' ரெண்டும் அதே பாட்டுக்கு!

மரியாதை வேண்டுமா? 1983-ல் வந்த 'திஸ் நைட்' பாட்டின் பல்லவி மெட்டு பீத்தோவனின் 'பத்தேத்தீக்' சொனாட்டாவில் இருந்து எடுத்தது. சுட்ட மெட்டு என்று யாரும் சொல்ல முடியாது. ஏன்னா, பாட்டு எழுதினவர்கள் வரிசையில் பீத்தோவன் பெயரையும் போட்டுவிட்டார்!

ரசிகர்களின் செல்லக் குழந்தை

இவ்வளவு ஹிட்ஸ் இருக்கே... ரசிகர்கள் கூடிப் பேச ஆரம்பித்தால் எந்தப் பாட்டில் வந்து நிற்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரிய ஹிட் எதுவும் இல்லை. சிங்கிளாக வராத, வேறொரு பாட்டுத் தட்டின் பின்பக்கத்தில் ஒளிந்துகொண்டிருந்த ஒரு பாட்டு. பெயர் 'வியன்னா'.

அதன் பின்னணி இதுதான். 1970-களில் பில்லி பல வருஷமாகப் பார்க்காத தன் அப்பாவைத் தேடிப் பிடித்து வியன்னாவுக்குப் போனார். ரெண்டு பேரும் ஊரைச் சுற்றி நடக்கும்போது, தொண்ணூறு வயசு மதிக்கத்தக்க ஒரு பாட்டி தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பில்லிக்கு மனசு கேட்கவில்லை. 'இந்த வயசில் இவரை ஏன் இப்படிக் கஷ்டப்படுத்துகிறார்கள்?' என்று கேட்டார். அப்பா சொன்ன பதில் வேறு மாதிரி இருந்தது. 'அவங்களுக்கு ஒரு வேலை இருக்கு. தன்னால் ஊருக்குப் பிரயோஜனம் இருக்குன்னு நினைக்கிறாங்க. அது நல்லதுதானே!'

பில்லிக்குப் பொறி தட்டியது. ஓ... வயசானாலும் நமக்கு என்று ஒரு இடம் இருக்கும் போல! அப்புறம் ஏன் எல்லாவற்றையும் இருபத்தஞ்சு வயசுக்குள் முடித்துவிட வேண்டும் என்று தலைதெறிக்க ஓடுகிறோம்? இந்தக் கேள்விதான் பாட்டு. எல்லாம் தெரியும் என்று துடிக்கிற ஒரு இளசைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏம்ப்பா... கொஞ்சம் மெதுவா போயேன்" என்று தோளில் கை போட்டுச் சொல்கிற தொனி. நடுவில் வருகிற அக்கார்டியன் கேட்டால் ஐரோப்பியத் தெரு ஒன்றில் சாயங்காலம் நடக்கிற மாதிரியே இருக்கும். பியானோவும் அப்படித்தான். பாட்டு முழுக்க எங்கேயும் ஓடாது. நடக்கும், நிற்கும், யோசிக்கும், மறுபடி நடக்கும்.

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலை" என்று நம்ம பாட்டிமார் சொல்வார்களே... அதைத்தான் அந்த மனுஷன் பியானோவில் சொல்லியிருக்கிறார்!

2004-ல் '13 கோயிங் ஆன் 30' படத்தில் இந்தப் பாட்டு வந்தது. அதுவும் அவசரமாகப் பெரியவளாக ஆசைப்பட்ட சிறுமியின் கதைதான். அதற்குப் பிறகு புதுசு புதுசாக ஒவ்வொரு தலைமுறையும் இதைக் கண்டுபிடித்து, தன் ஃப்ரெண்டுக்குக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கச்சேரியில் பில்லி ஒரு விளையாட்டு விளையாடுவார். ரெண்டு பாட்டின் பேரைச் சொல்லி, 'எது வேணும்?' என்று கேட்பார். எதற்குச் சத்தம் அதிகமோ அதுதான். 'வியன்னா' பேர் வந்தால் அரங்கம் அலறும். கிராமி வாங்கிய 'ஜஸ்ட் தி வே யூ ஆர்' எதிரில் நின்றால்கூட கதை அதேதான்!

ஏன் இந்தப் பாசம்? கேம்பஸ் இன்டர்வியூவில் பேர் வராத சாயங்காலம்... அரியர்ஸ் ரிசல்ட் பார்த்த ராத்திரி... கூடப் படித்தவன் அமெரிக்கா கிளம்பும்போது நாம் மட்டும் அதே பஸ் ஸ்டாப்பில் நிற்கிற காலை... 'எல்லாரும் போய்ட்டாங்க, நான் மட்டும் லேட்' என்கிற அந்த உணர்வு எந்த ஊரிலும் ஒன்றுதான். அதற்கு இந்தப் பாட்டு தருகிற பதில் அட்வைஸ் மாதிரி இருக்காது. 21 வயசில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த ஒருத்தர், 28 வயசில் எழுதியது. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது.

முதல் வரிசை சும்மா கிடைக்கும்!

ரசிகர்களை இவர் எப்படி நடத்தினார் என்பது தனி எபிசோடு. முன் வரிசை டிக்கெட்டை எல்லாம் பணக்காரர்கள் வாங்கிக்கொண்டு, 'எங்கே, என்ன பண்ற பார்ப்போம்' என்று உம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து பில்லிக்கு வெறுத்துவிட்டது. அதனால் அந்த சீட்டுகளை விற்பதையே நிறுத்தினார். கச்சேரி ஆரம்பிக்கும் முன் தன் ஆட்களைக் கூரைப் பக்கத்துக் கடைசி வரிசைக்கு அனுப்புவார். அங்கே மலிவு டிக்கெட்டில் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிற நிஜ ரசிகர்களை அழைத்து வந்து முன்னால் உட்கார வைப்பார். சூப்பர் இல்ல?

இன்னொண்ணு, கேம்பஸ் மேட்டர். 2013 ஜனவரியில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டியில் பில்லியுடன் மாணவர்கள் கேள்வி பதில் நிகழ்ச்சி. மைக்கேல் போலக் என்கிற முதல் வருஷ மாணவர் எழுந்தார். 'உங்களோட நியூயார்க் ஸ்டேட் ஆஃப் மைண்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்க பாட, நான் பியானோ வாசிக்கலாமா?' என்று கேட்டுவிட்டார். கூட்டம் கப்சிப். பில்லி ஒரு நொடி யோசித்து, 'ஓகே' என்றார். பையன் மேடை ஏறிப் பின்னி எடுத்துவிட்டான்! பில்லியே அசந்துபோய்ப் பாராட்டினார். பிற்பாடு அதே போலக் தொழில்முறைப் பாடலாசிரியர் ஆனார். மைலி சைரஸின் 'ஃப்ளவர்ஸ்' பாட்டை எழுதியவர்களில் ஒருத்தர் அவர். 2024-ல் அதுக்கு 'ரெக்கார்ட் ஆஃப் தி இயர்' கிராமி! கேட்டால்தானே கிடைக்கும்?

நிறுத்தவும் தெரிந்தவர்

1993-ல் 'ரிவர் ஆஃப் ட்ரீம்ஸ்' ஆல்பம். அதோடு பாப் ஆல்பம் போடுவதை நிறுத்திவிட்டார் பில்லி. சொல்ல வந்ததைச் சொல்லியாச்சு, சும்மா விற்பதற்காக எழுத மாட்டேன் என்கிற நிலை. 2001-ல் தான் எழுதிய கிளாசிக்கல் பியானோ துண்டுகளை ஒரு ஆல்பமாகக் கொண்டு வந்தார். அதையும் தான் வாசிக்காமல், முறையாகப் பயின்ற ரிச்சர்ட் ஜூ என்கிற கலைஞரை வாசிக்க வைத்தார். பிறகு 2024-ல் 'டர்ன் தி லைட்ஸ் பேக் ஆன்' என்கிற புதுப் பாட்டோடு திரும்பி வந்தார். 74 வயசில்!

2025 மே மாதம், மூளையில் நீர் சேர்கிற ஒரு நோய் என்று செய்தி வந்தது. கேட்பது, பார்ப்பது, தடுமாறாமல் நடப்பது எல்லாவற்றையும் அது தொந்தரவு செய்கிறது என்று சொல்லி, அறிவித்திருந்த கச்சேரிகளை ரத்து செய்தார்கள். ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனால், 'சீக்கிரம் வா' என்று அவரிடம் கேட்க அவர்களுக்கு மனசு வராது. மெதுவாகப் போகச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே!

இதோ உங்களுக்கான ஹோம்வொர்க். அஞ்சு பாட்டு, இதே வரிசையில் கேளுங்கள்.

1. 'பியானோ மேன்' (1973) - இடது கையை மட்டும் பின்தொடருங்கள்.

2. 'ரூட் பியர் ராக்' (1974) - பாட்டே கிடையாது, பியானோதான் பேசும். வேகத்துக்கு.

3. 'சீன்ஸ் ஃப்ரம் அன் இட்டாலியன் ரெஸ்டாரன்ட்' (1977) - ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும் ஒரு குட்டி சினிமா.

4. 'அண்ட் ஸோ இட் கோஸ்' (1989) - லைட்டை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டியது.

5. 'வியன்னா' (1977) - இதைத் தனியாகக் கேட்காதீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கிளாஸில் ஒருத்தர் இருப்பார். கொஞ்ச நாளாக கேன்டீன் பக்கம் வருவதில்லை. கேட்டால் 'ஒண்ணும் இல்லடா' என்பார். போனை எடுத்து அவரைக் கூப்பிடுங்கள். ஹெட்போனில் ஒரு பக்கம் உங்கள் காதில், இன்னொரு பக்கம் அவர் காதில். பாட்டு முடிகிற வரைக்கும் எதுவும் பேச வேண்டாம். முடிந்த பிறகு அவர் பேசினால், குறுக்கே பேசாமல் கேளுங்கள். பாட்டையும் தாண்டிப் பாரம் பெரிசு என்று தோன்றினால், ஜான் ஸ்மால் செய்த மாதிரி, கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பில்லி ஜோயலுக்கு 1973-ம் 1977-ம் வந்ததே 1970-ல் ஒரு நண்பன் கையை விடாததால்தான்.

ஓகே மக்கா... அடுத்த வாரம் வேறொரு பாட்டோடு பார்ப்போம். அதுவரைக்கும் மெதுவா போங்க!